பலகைக்குப் பக்கத்தில் நின்றவள்

போன வியாழக்கிழமை ஹேசல் பிரிண்ட்லியைத் தகனம் செய்துவிட்டு வந்தோம். பர்ஸ்லமில் காலையிலிருந்தே மழை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பல் மருத்துவமனையில் அவளோடு வேலை பார்த்தவர்கள், மீதிப் பேர் டார்ட்ஸ்காரர்கள், வட்டப் பலகையில் கையால் அம்பு எறிந்து ஆடுகிறவர்கள். பாதிரியார் பேசும்போது, "உலகச் சாம்பியன் போட்டியின் மேடையில் நின்றவர்" என்று ஒரு வரி சொன்னார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மருத்துவமனைப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "ஹேசல் டார்ட்ஸ் ஆடுவாங்களா என்ன?" என்று கிசுகிசுத்தாள். "தெரியலையே, சொன்னதே இல்லையே" என்றாள் மற்றவள்.

ஆடுவாள். மிக மோசமாக ஆடுவாள். மேடைக்கு அவள் போனதே அந்த வழியாகத்தான்.

எங்கள் பக்கத்து பப்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்குப் புள்ளி எழுத வேண்டும். வென்றவர் பீர் கோப்பையோடு போய் உட்காரலாம். தோற்றவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஹேசலின் கணவர் ரெக்ஸ் நன்றாக ஆடுவார். பெண்கள் அணியில் ஒரு ஆள் குறைந்தபோது அவர்தான் ஹேசலை இழுத்துவந்து நிறுத்தினார். அவள் முதல் வாரம் தோற்றாள். அடுத்த வாரமும் தோற்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோற்றாள். ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க எழுதினாள்.

வசந்தம் வந்தபோது ஊரில் இருந்த நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். அவள் நிற்கும்போது ஆட்டம் நன்றாக வருகிறது. அவள் திரும்ப மாட்டாள், இரும மாட்டாள், கால் மாற்றி நிற்க மாட்டாள். மூன்றாவது அம்பு பலகையில் இறங்கும் வரைக்கும் அவள் அங்கே இல்லாத மாதிரியே இருக்கும். எறிந்த புள்ளிகளை ஐந்நூற்றொன்றிலிருந்து கழித்துக்கொண்டே வருவாள். வெளி வளையத்தில் விழுந்தால் டபுள், உள் வளையத்தில் விழுந்தால் டிரிபிள்; கடைசி அம்பு டபுளில் விழுந்து கணக்கு சரியாகப் பூஜ்யம் ஆனால்தான் ஆட்டம் முடியும். சாக்பீஸ் சத்தம்கூடக் கேட்காது. "இன்னிக்கு ஹேசல் தோத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு ஆட வருகிறவர்கள் இருந்தார்கள். அவளும் அதற்குச் சளைத்தவள் அல்ல. "கொஞ்சம் பொறு கண்ணு, இப்பத்தான் தோத்துக்கிட்டிருக்கேன்" என்பாள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான் என்றாலும் அவள் சொல்லும்போது கொஞ்சம் கூடுதலாக ஒட்டும்.

பகலில் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. திறந்த வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது. "பகல்ல ஒருத்தன் வாயைத் திறந்துக்கிட்டுப் பேசாம கிடக்கான், ராத்திரி ஒருத்தன் அம்பைத் தூக்கிக்கிட்டுப் பேசாம நிக்கறான். என் பொழைப்பே இப்படித்தான் அமைஞ்சிருக்கு" என்பாள். மாவட்டப் போட்டிகளுக்கு எழுதப் போனாள். பிறகு பெரிய போட்டிகளுக்கு. ரெக்ஸ் இறந்த மறுவருடம், லண்டனில் குன்றின்மேல் இருக்கும் அந்தப் பழைய அரண்மனையில் நடக்கிற உலகப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள்.

நான் அவளுக்கு இரண்டு வருடம் கழித்துச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். விடுமுறைகளில் இந்த வேலை. அவள் பலகைக்கு வலப்புறம், நான் இடப்புறம். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கையில் மின்னுகிற மோதிரம் கூடாது, வாசனைத் தைலம் கூடாது. சாக்பீஸுக்குப் பதிலாக இப்போது சின்னத் தொடுதிரை. எண்ணைத் தொட்டால் போதும். நடுவர் எண்ணிக்கையை முழங்குவார், நாங்கள் தொடுவோம். தொலைக்காட்சியில் எங்கள் தோளில் பாதியோ காதோ எப்போதாவது வரும். மறுநாள் பப்பில், "ஹேசல், நேத்து உன் காது நல்லா ஆடுச்சு" என்பார்கள்.

வருடா வருடம் அவளுக்கு முதல் வாரம்தான். மதிய ஆட்டங்கள், முதல் சுற்று, இரண்டாம் சுற்று. அனுபவசாலிகளான நாலைந்து பேர் இருந்தார்கள். புத்தாண்டுக்கு அப்புறம் வரும் பெரிய ஆட்டங்கள் அவர்களுக்கே. நாங்கள் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிவிடுவோம். அதில் அவளுக்கு ஒரு குறை இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "பாதிப் படத்துல எழுப்பி வெளியே அனுப்பற மாதிரி இருக்கு வாத்தியாரே. ஒரே ஒரு தடவை, பெரிய ஆட்டம் ஒண்ணு, கடைசி அம்பு விழற வரைக்கும் நான் நின்னுட்டு வரணும். அப்புறம் என் காலணியைக் கழட்டி நானே குப்பையில போட்டுடறேன்."

கடைசியாக நாங்கள் சேர்ந்து போன வருடம், முதல் நாள் மதியமே நான் அதைப் பார்த்துவிட்டேன். ஆட்டக்காரர் எறிய வரும்போது நாங்கள் இரண்டு பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்போம். பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் பார்வையின் ஓரத்தில் எப்போதும் இருப்பார். ஹேசலின் இடது கைக் கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. நிற்கும். மறுபடி ஆடும். அவள் அந்தக் கையைத் தொடையோடு அழுத்தி வைத்திருந்தாள்.

இடைவேளையில் பின்கட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கட்டிக்கொண்டுவந்த ஓட்மாவுத் தோசையைப் பிரித்தோம். உள்ளே சீஸும் பன்றி இறைச்சியும் வைத்து அவள் சுருட்டியது. ஆறிப்போயிருந்தது.

"வாத்தியாரே, நீ என் கையையே பார்த்துக்கிட்டிருந்தா பலகையை யாரு பார்க்கறது?"

"என்ன ஹேசல் அது?"

"கட்டைவிரல். அதுக்கு மட்டும் பாட்டுப் பிடிச்சுப்போச்சு. கூட்டத்தோட சேர்ந்து தாளம் போடுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். ஒரு பேர் சொன்னார். அதை நான் இங்க சொல்ல மாட்டேன். அதுக்கு மேடையில வேலை இல்ல."

"மருத்துவமனையில சொல்லிட்டியா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன். நடுங்கற கையை அடுத்தவன் வாய்க்குள்ள விடறதுக்கு நான் என்ன கொலைகாரியா? தோட்ட வேலை பார்க்கப் போறேன்னு கேக் வெட்டி அனுப்பிட்டாங்க." தோசையை ஒரு கடி கடித்தாள். "இங்க சொல்லல. சொல்லப் போறதும் இல்ல. டெஸ்மண்டுக்குத் தெரிஞ்சா நாளைக்கே ரயில் ஏத்திவிட்டுடுவான்."

டெஸ்மண்ட்தான் எங்களுக்கெல்லாம் தலைவர். அவரே நடுவர்களில் மூத்தவர். யார் எந்த ஆட்டத்துக்கு நிற்பது என்று முடிவு செய்பவரும் அவர்தான். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. எறியும் கோட்டில் நிற்கிற ஆட்டக்காரர் அம்பைக் கீழே இறக்கி, நடுவரைப் பார்த்து, "அந்த ஆள் அசையறாங்க" என்று சொல்லிவிட்டால் போதும். ஆட்டம் நிற்கும். ஆயிரக்கணக்கான பேர் கூச்சல் போடுவார்கள். அப்படி ஒருவர் தும்மியதற்காக மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்; அதற்குப் பிறகு அவரை யாரும் எந்த மேடைக்கும் கூப்பிடவில்லை.

பக்கம் மாறி நிற்கலாம் என்று நான்தான் சொன்னேன். வலப்புறம் நின்று பலகையைப் பார்த்தால் இடது கை ஆட்டக்காரரின் பக்கமாக வரும். இடப்புறம் நின்றால் அதே கை சுவர்ப் பக்கம் போய்விடும். டெஸ்மண்ட் கேட்டபோது, "அந்தப் பக்க விளக்கு என் கண்ணைக் குத்துது கண்ணு, வயசாகுதில்ல" என்றாள் ஹேசல்.

"உனக்கா வயசாகுது? நீ பொறந்தப்பவே இப்படித்தான் இருந்திருப்ப" என்றார் டெஸ்மண்ட். போய்விட்டார்.

முதல் வாரம் ஓடியது. அந்தக் கூடத்தில் மதியமே பீர் நாற்றம் எழும்பிவிடும். பார்க்க வந்தவர்களில் வாழைப்பழ வேடத்தில் இருபது பேர், கன்னியாஸ்திரி வேடத்தில் தாடி வைத்தவர்கள், மேசைமேல் ஏறி நின்று பாட்டு. தரை பிசுபிசுவென்று செருப்பைப் பிடிக்கும். ஒரு நாளில் நாலு ஆட்டம். நாங்கள் நிற்போம். ஆட்டம் முடிந்து விடுதிக்குப் போனால் ஹேசல் காலணியோடு கட்டிலில் படுத்து, பத்து நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கையை ஒளிப்பது நிற்பதைவிடக் களைப்பு என்றாள்.

அந்த வாரத்தில் கிளைவ் ஹக்கினின் இரண்டு ஆட்டங்கள் எங்களுக்கு வந்தன, முதலாவது அந்த முதல் நாள் மதியமே, நாங்கள் பக்கம் மாறுவதற்கு முன். கிரிம்ஸ்பி ஊர்க்காரன், நாற்பத்தைந்து தாண்டியவன், சுவர்ப் பூச்சு வேலை செய்கிறவன். பல வருடம் முயன்று இந்தப் போட்டிக்குள் நுழைந்தவன். முதல் சுற்றைத் தாண்டுவான் என்றே யாரும் நினைக்கவில்லை. இரண்டு ஆட்டத்தையும் வென்றான். அதற்குப் பின்னால் யாரோ எழுதிய ஆட்டங்களிலும் தட்டுத் தடுமாறி வென்று, புத்தாண்டுக்கு மறுநாள் அரையிறுதிக்கு வந்துவிட்டான்.

அப்போது நாங்கள் வீட்டில் இருந்தோம். டெஸ்மண்ட் ஹேசலுக்குப் போன் செய்தார். பெரிய ஆட்டங்களுக்கு நிற்கிறவர்களில் மூன்று பேர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். "நீயும் வாத்தியாரும் வாங்க. முதல் அரையிறுதி உங்களுக்கு. ஹக்கினும் அந்த டச்சுப் பையன் யோரிஸும்."

அவள் என் வீட்டுக்கு நடந்தே வந்து சொன்னாள். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸுக்காக மிக நீண்ட நேரம் நின்றவர், பஸ் வந்ததும் படியில் கால் வைக்கும் முகம் இருக்குமே, அப்படி இருந்தது.

"கை எப்படி இருக்கு?" என்றேன்.

"முழங்கை வரைக்கும் ஏறியிருக்கு."

"அப்ப?"

"அப்ப என்ன? இரண்டு மணி நேரம். என் ஆயுசுல இரண்டு மணி நேரம் அது சும்மா இருக்கக் கூடாதா? போய் உன் கறுப்புச் சட்டையை இஸ்திரி போடு."

ஐந்நூற்றொன்றை ஒரு தடவை முடித்தால் ஒரு லெக், மூன்று லெக் எடுத்தால் ஒரு செட்; ஆறு செட் முதலில் எடுப்பவர் இறுதி ஆட்டத்துக்குப் போவார். ஹேசல் இடப்புறம் நின்றாள், நான் வலப்புறம். டெஸ்மண்டே நடுவர். முதல் மூன்று செட்டுகள் கையைச் சுவர்ப் பக்கம் மறைத்துத் தாக்குப்பிடித்தாள். நாலாவது செட்டில் தோள் ஆட ஆரம்பித்தது. கறுப்புச் சட்டையின் கைப்பகுதி முழுக்க, காற்றில் கொடித்துணி போல, மெல்ல. கூட்டத்துக்குத் தெரியாது. கேமராவுக்குக்கூடத் தெரிந்திருக்காது. கோட்டில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

யோரிஸ் கவனிக்கவே இல்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. பலகையைத் தவிர எதையும் பார்க்காத வயது. ஆனால் கிளைவ் கோட்டில் வந்து நின்று அம்பைக் கண்ணுக்கு நேரே தூக்கியதும் எறிய மாட்டான். கண் ஒரு நொடி ஹேசலின் பக்கம் போகும். பிறகு பலகைக்கு வரும். அதற்கப்புறம்தான் எறிவான். ஒவ்வொரு தடவையும். நான் பார்த்தேன். ஹேசலும் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

இருந்தும் அவன் டெஸ்மண்டிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டத்தில் முந்திக்கொண்டும் இருந்தான். மூன்றுக்கு மூன்று, நாலுக்கு மூன்று, ஐந்துக்கு மூன்று. இன்னும் ஒரு செட். மூன்று லெக். அவன் இறுதி ஆட்டத்துக்குப் போய்விடுவான், ஹேசல் கடைசி அம்பைப் பார்த்துவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன். விளம்பர இடைவேளை விட்டார்கள். ஆட்டக்காரர்கள் பின்பக்கம் போனார்கள். ஹேசலும் இறங்கினாள். அந்த இடைவேளையில் நாங்கள் இடத்தைவிட்டு நகர வேண்டிய அவசியமில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளை முடிந்து இசை ஓய்ந்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் வேறொரு பெண் வந்து நின்றாள். மாற்று ஆளாக வைத்திருந்த பெண். எனக்குத் தலையைத் திருப்பவும் முடியாது, என்ன ஆயிற்று என்று கேட்கவும் முடியாது. கிளைவ் எறிய வந்துவிட்டான். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிற்பாடு டெஸ்மண்ட் சொன்னார். படிக்கட்டின் கீழே அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஹேசல் வந்து, தன் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாளாம். அது ஆடியது.

"இது என்ன?" என்றாராம் டெஸ்மண்ட்.

"இதுதான். என்னை மாத்து."

"ஹேசல், யாரும் எதுவும் சொல்லலையே. இன்னும் ஒரு செட்தானே."

"அவன் சொல்ல மாட்டான் கண்ணு. நல்ல பையன், என் மூஞ்சியைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு ஆடறான். ஒவ்வொரு அம்புக்கும் என்னைப் பார்த்துட்டுத்தான் எறியறான். ஏதாவது ஒண்ணு என்னால தவறிப்போச்சுன்னா? அவன் வாழ்க்கையில இன்னொரு அரையிறுதி வருமா?"

"உனக்கு வருமா?" என்று டெஸ்மண்ட் கேட்டிருக்கிறார்.

"என்னைப் பார்க்கவா டிக்கெட் வாங்கிட்டு வந்தாங்க?" என்றிருக்கிறாள்.

அதோடு அவள் மேடையை விட்டு இறங்கியவள்தான். மறுபடி எந்த மேடையிலும் ஏறவில்லை.

கிளைவ் அடுத்த செட்டைத் தோற்றான். அதற்கடுத்ததையும் தோற்றான். ஐந்துக்கு ஐந்து ஆனது. அவன் கோட்டில் வந்து நின்றதும் கண் அந்தப் பக்கம் போகும். அங்கே ஒரு இளம்பெண் சிலை மாதிரி நிற்பாள். அவன் ஒரு கணம் விழிப்பான். அம்பு கம்பிக்கு வெளியே போய்க் குத்தும். கடைசிச் செட்டில் முப்பத்திரண்டு பாக்கி. டபுள் பதினாறுக்கு இரண்டு தடவை, மொத்தம் ஆறு அம்பு. ஒன்றும் போகவில்லை. யோரிஸ் வந்தான், முடித்தான். கூட்டம் மேசைமேல் ஏறியது. கிளைவ் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிவிட்டு, எங்களுக்கெல்லாம் கை கொடுத்தான். அந்தப் பெண்ணிடம் கை கொடுக்கும்போது அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

நான் ஹேசலைத் தேடிப் போனேன். பின்கட்டில் ஆட்டக்காரர்கள் பழகுகிற அறையில் இருந்தாள். இரண்டாவது அரையிறுதி ஆரம்பித்துவிட்டதால் அறையில் வேறு யாரும் இல்லை. சுவருக்கு அப்பால் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காகிதக் குவளையில் தேநீரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பாதி அவள் மடியில் சிந்தியிருந்தது.

"ஜெயிச்சானா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் கிளைவ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தோளில் பை. பேர் அச்சிட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றான்.

"எங்க போயிட்டீங்க நீங்க?"

"இங்கதான் இருக்கேன்."

"அதான் கேக்கறேன். ஏன் இங்க இருக்கீங்க? அங்கல்ல இருக்கணும்? ஐஞ்சுக்கு மூணு. ஐஞ்சுக்கு மூணு! நான் ஆடிக்கிட்டிருக்கேன், திரும்பிப் பார்த்தா வேற யாரோ நிக்கறாங்க!"

ஹேசல் குவளையைத் தரையில் வைத்தாள். "கண்ணு, என் கை ஆடுது. நீ பார்த்துக்கிட்டே இருந்த. உனக்குத் தொந்தரவா இருக்குன்னு—"

"தொந்தரவா?" அவன் பையைக் கீழே போட்டான். "அதைப் பார்த்துத்தானே எறிஞ்சேன்!"

ஹேசல் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

"உங்க கை ஆடும், நிக்கும், ஆடும், நிக்கும்," என்றான், கையால் காட்டிக்கொண்டே. "எனக்கு எப்பவும் அவசரம். அம்பைத் தூக்கினா உடனே விட்டுடுவேன். இருபது வருஷமா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, பொறுமை இல்ல, பொறுமை இல்லன்னு. முதல் சுத்துல உங்களைப் பார்த்தேன். சரி, அது நிக்கற வரைக்கும் பொறுப்போம், நின்னதும் எறிவோம்னு வச்சுக்கிட்டேன். போச்சு, உள்ள போச்சு! மத்த ஆட்டத்துல நீங்க இல்ல, எப்படியோ ஒப்பேத்திட்டேன். இன்னிக்கு மேடைக்கு வந்து உங்களைப் பார்த்ததும்தான் நெஞ்சே அடங்குச்சு."

ஹேசல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் நான் எதிர்பார்த்த மாதிரி மாறவில்லை. கோபம் வந்தது.

"முதல் சுத்துலேயே பார்த்துட்டியா?"

"பார்க்காம என்ன?"

"அப்ப இந்த மூணு வாரமா நான் யாருக்கு ஒளிச்சு வச்சேன்? பக்கம் மாறி நின்னு, கையைத் தொடையில அழுத்தி அழுத்தி, ராத்திரி தோளைத் தூக்க முடியாம... வாத்தியாரே, கேட்டியா இதை? முதல் நாளே பார்த்துட்டானாம்!"

"கேட்டேன்," என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நின்னுடுமே!" என்றான் கிளைவ்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களைத்துப்போன சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. கிளைவ் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் கை ஊன்றிக்கொண்டான்.

"நீங்க போகாம இருந்திருந்தா நான் இறுதி ஆட்டத்துல இருப்பேன்," என்றான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்கைச் சொல்கிற குரல்.

ஹேசல் மடியில் சிந்திய தேநீரைப் புறங்கையால் துடைத்தாள். "இருந்திருக்கலாம்," என்றாள் கடைசியில். "ஆனா உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? உன் முழங்கை இறங்கிடுச்சு."

"எப்ப?"

"ஏழாவது செட்லேர்ந்து. சோர்ந்துட்ட. கம்பிக்குக் கீழ கீழ விழுந்துச்சு, நல்ல நேரம், டிரிபிள்ல மாட்டிச்சு. நான் நின்னாலும் அது இறங்கித்தான் இருக்கும்."

"நிஜமாவா, இல்ல எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்களா?"

"ஆறுதல் சொல்ற மூஞ்சியா இது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். முழங்கை இறங்கியது உண்மைதான். அவள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

சுவருக்கு அப்பால் யாரோ மூன்று அம்புக்கு உச்சமான நூற்றெண்பது அடித்திருக்க வேண்டும்; கட்டடமே அதிர்ந்தது. கிளைவ் பையிலிருந்து அம்புகளை எடுத்தான்.

"கடைசியா ஒரு டபுளாவது அடிக்காம நான் வீட்டுக்குப் போனா ஒரு வாரத்துக்குத் தூங்க மாட்டேன். ஒரே ஒரு லெக். எனக்கு நானே. வந்து நில்லுங்க."

"நான் இனிமே நிக்கறதில்ல கண்ணு. டெஸ்மண்டுகிட்ட சொல்லிட்டேன்."

"இது என்ன மேடையா? யாரு பார்க்கப் போறா?"

"நீ பார்ப்பியே."

"நான்தான் முன்னாடியே பார்த்துட்டேனே," என்றான்.

அவள் எழுந்தாள். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். பழகும் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே எழுதத் திரை இல்லை, ஒன்றும் இல்லை. என்னை எண்ணிக்கை சொல்லச் சொன்னார்கள். ஐந்நூற்றொன்றிலிருந்து நான் வகுப்பறைக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கை ஆடியது. அதை அவள் எங்கும் அழுத்திப் பிடிக்கவில்லை, தொங்கவிட்டிருந்தாள். அது நிற்கும் வரை கிளைவ் பொறுத்தான், எறிந்தான். முதலில் நன்றாகவே வந்தது. முப்பத்திரண்டு பாக்கி இருக்கையில் டபுள் பதினாறை உரசி ஒற்றைப் பதினாறு. பிறகு டபுள் எட்டுக்கு எறிந்து ஒற்றை எட்டு. எட்டு நாலாகி, நாலு இரண்டாகி, டபுள் ஒன்றில் வந்து நின்றது. அதற்குக் கீழே டபுள் கிடையாது. டார்ட்ஸ்காரர்கள் அதைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பார்கள். உள்ளே போனவன் சீக்கிரம் வெளியே வர மாட்டான்.

கிளைவும் வரவில்லை. வெளியே போய்க் குத்தியது. ஒற்றை ஒன்றில் விழுந்தது. அது கணக்கில் சேராது, மறுபடி இரண்டு பாக்கி. சுவரில் குத்தியது. "ரெண்டு பாக்கி," என்றேன். "ரெண்டு பாக்கி." "ரெண்டு பாக்கி."

"தெரியுது வாத்தியாரே!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

துடைப்பம் எடுத்துக்கொண்டு வந்த துப்புரவுப் பெண் ஒருத்தி வாசலில் நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கிளைவுக்குக் கை தூக்கவே முடியவில்லை. ஒவ்வொரு மூன்று அம்புக்கும் பிறகு நடந்து போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான். ஹேசல் ஒரு தடவைகூட நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. போதும் என்று நான் சொல்ல நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எத்தனையாவது தடவை என்று நான் எண்ணவில்லை. ஒரு அம்பு வளைந்து போய், கம்பியில் பட்டு, டபுள் ஒன்றுக்குள் தொங்கியது. விழுந்துவிடுமோ என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விழவில்லை.

கிளைவ் கைதட்டவில்லை, கத்தவில்லை. போய் அதைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தான். ஹேசல் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள்.

"திங்கக்கிழமை வேலை இருக்கா?" என்றாள் அவனிடம்.

"இருக்கு. ஒரு வீட்டுக்கு உள்கூரை பூசணும். காலையில எட்டு மணிக்கே வரச் சொல்லியிருக்காங்க."

"அப்ப கிளம்பு கண்ணு. தூரம் போகணும் நீ."